ஆடிக் காற்றும் ஆட்டுக் கண்ணும்: ஒரு மேச்சேரிப் பட்டியின் கண் அளவுகள்

“கெடாய்களுக்குத்தான் கண்ணு சொட்டுதுங்க டாக்டர். பொட்டைக்கு ஒண்ணுமில்லீங்க. வருசா வருசம் ஆடி மாசத்துல இதே தொந்தரவுதானுங்க.”

திருப்பூர் மாவட்டம் மூலனூர் பக்கத்தில் செம்மறி வளர்க்கும் பெரியவர் ஒருவர் சொன்னது இது. பருவமும் பாலும் (ஆண், பெண் என்ற வேறுபாடும்) செம்மறியின் கண்ணை எப்படிப் பாதிக்கின்றன என்று பல நாடுகளில் கால்நடை மருத்துவர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். இவரோ தன் பட்டியைப் பார்த்தே ஒரு விடையை வைத்திருந்தார்: ஆடியில் வடியும், கிடாய்க்கு வடியும். அவர் கண்டது உண்மைதான். கட்டுத்தறியில் நின்ற கிடாய்களின் கண்கள் நனைந்து, கன்னத்து மயிர் ஒட்டிப்போய்க் கிடந்தன. ஆனால் கிடாய் என்பதால்தான் வடிந்ததா, ஆடி என்பதால்தான் வடிந்ததா? அதைப் பிரித்துப் பார்த்த கதைதான் இந்த ஆய்வு.

பட்டியும் மேய்ச்சலும்

பட்டியில் எல்லாமே மேச்சேரி இனம். வெளிர் பழுப்பு நிறம், குட்டை மயிர், கொம்பு கிடையாது. மேய்வது கொறங்காட்டில். காங்கேயம், மூலனூர், தாராபுரம் வட்டாரத்துக்காரர்களுக்குக் கொறங்காட்டை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொன்னால், சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி, உள்ளே அங்கங்கே வெள்வேல மரம், தரையில் கொழுக்கட்டைப்புல். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று இந்தக் காட்டைப் புரட்டி எடுக்கும். தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கமே பெரும்பாலும் கொட்டித் தீர்த்துவிடும். இந்தப் பக்கம் வந்து சேர்வது காற்றும் புழுதியும்தான். நல்ல மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை வரை காத்திருக்க வேண்டும்.

பெட்டைகளும் குட்டிகளும் காலையில் காட்டுக்குப் போய்ப் பொழுது சாயத் திரும்பும். பொலிகிடாய் ஒன்று அவற்றோடு போகும். விற்பனைக்குத் தேற்றும் கிடாய்கள் மட்டும் சாளைக்கு (தோட்டத்து வீட்டுக்கு) பக்கத்தில் கட்டுத்தறியில் நிற்கும். அவற்றுக்குச் சோளத்தட்டும் கடலைக்கொடியும் கட்டாகக் கட்டி, தலைக்கு மேலே கயிற்றில் தொங்கவிட்டிருந்தார். கீழே போட்டால் மிதித்து வீணாக்கும் என்பது அவர் கணக்கு. அது சரியான கணக்கும்கூட.

ஆடுகளைத் தொடும் முன் சற்றுத் தள்ளி நின்று பார்த்தபோது ஒன்று தெரிந்தது. பொலிகிடாயின் கண் வடியவில்லை. அதுவும் கிடாய்தான், வயதிலும் மூத்தது. அதன் கண் பெட்டைகளின் கண்ணைப் போலவே தெளிவாக இருந்தது. பெரியவர் “கெடாய்கள்” என்று சொன்னபோது கட்டுத்தறிக் கிடாய்களை மட்டும் நினைத்துச் சொன்னார். அவை ஆண் என்பதோடு வேறு இரண்டிலும் மற்ற ஆடுகளிலிருந்து மாறுபட்டன: நிற்கும் இடம், தின்னும் விதம்.

கண்ணைப் பார்த்தது

செம்மறிக்குக் கண்ணின் உள்மூலைக்கு முன்னால், முகத்தில் ஒரு சிறு குழி இருக்கிறது. உள்ளே மெழுகு போன்ற பசையைச் சுரக்கும் சுரப்பி. வெள்ளாட்டுக்கு இது கிடையாது. கிடாய்களில், அதுவும் இணை சேரும் காலத்தில், இந்தப் பசை கூடுதலாக வரும். அதில் புழுதி ஒட்டிக் கருத்துக் கிடக்கும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது கண்ணீர்க் கறை போலவே தெரியும். கிடாய்க்குக் கண் வடிகிறது என்று யாராவது சொன்னால் முதலில் இந்தக் குழியை ஒரு ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். இங்கே துடைத்த பிறகும் கண் நனைந்துதான் இருந்தது. ஆக, வடிந்தது நிஜமான கண்ணீர்.

கட்டுத்தறிக் கிடாய்களில் பலவற்றுக்கும் இரண்டு கண்ணிலும் இலேசான சிவப்பு, தண்ணீராய் வடியும் நீர், இமையோரத்தில் தட்டுத் தூசி. கருவிழி தெளிவு. ஒரே ஒரு கிடாய் மட்டும் இடது கண்ணைப் பாதி மூடியபடி வெளிச்சத்துக்கு முகம் காட்டாமல் நின்றது. அதன் கருவிழியில் நீலம் பாய்ந்த வெள்ளை மூட்டம். ஊரில் பூ விழுந்துவிட்டது என்பார்கள். பெரியவரும் அப்படித்தான் சொன்னார்.

மரத்துப்போகும் சொட்டு மருந்து விட்டு, மூன்றாம் இமையை மழுங்கிய இடுக்கியால் தூக்கிப் பார்த்தபோது அதன் அடியில் ஒரு துணுக்கு இருந்தது. சோளத்தட்டுத் தோகையின் ஓரம், நகக்கீற்று அளவுதான் இருக்கும். ஆடு ஒவ்வொரு முறை கண் சிமிட்டும்போதும் அது கருவிழியை ஒரே இடத்தில் அறுத்துக்கொண்டிருந்திருக்கிறது. புளோரசின் சாயம் விட்டதும் அந்த இடம் பச்சையாக ஒளிர்ந்தது. புண் இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

தலைக்கு மேல் தொங்கும் கட்டிலிருந்து ஆடு தட்டை இழுக்கும்போது அண்ணாந்துதான் இழுக்கும். உதிரும் தூசியும் துணுக்கும் நேரே கண்ணில் விழும். ஆடிக் காற்று அதை இன்னும் கிளப்பிவிடும். காட்டில் மேயும் ஆடு தலையைக் குனிந்து மேய்கிறது; அதற்கு ஆபத்து கொழுக்கட்டைப்புல்லின் விதைச் சுணை. ஆனால் அந்த வேளையில் புல் காய்ந்து விதை கொட்டி முடிந்திருந்தது. இந்தக் கண்நீர் வருசா வருசம் ஆடியில் வருவதற்குக் காரணம் இப்படித்தான் துலங்கியது. பசும்புல் இல்லாத காலம், தட்டைத் தொங்கவிடும் காலம், காற்றடிக்கும் காலம் மூன்றும் ஒன்றாக வருவது ஆடியில்.

இதில் தொற்று இல்லை என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட முடியாது. செம்மறியில் மைக்கோபிளாஸ்மா கஞ்சங்க்டிவே என்ற கிருமியும் கிளமிடியாவும் கண்நோயை மந்தை முழுக்கப் பரப்பும். அப்படிப் பரவினால் ஆண், பெண், பெரியது, குட்டி என்று பார்க்காது. ஒன்றையொன்று உரசி நிற்கும் பட்டிக்குள் ராத்திரியோடு ராத்திரியாகத் தாவும். ஈயும் அதைச் சுமந்து செல்லும். இங்கே கிடாய்கள் பெட்டைகளுக்குப் படல் ஒன்று தள்ளித்தான் நின்றன. அப்படியிருந்தும் பெட்டைகளில் ஒன்றுகூடச் சிமிட்டவில்லை.

கண்ணீர் அளவு

கண்ணீரை அளக்கப் பயன்படுவது ஷிர்மர் காகிதம். ஜெர்மானியக் கண் மருத்துவர் ஓட்டோ ஷிர்மர் 1903இல் வெளியிட்ட முறை இது. 5 மில்லிமீட்டர் அகலமுள்ள வடிகட்டிக் காகிதப் பட்டையின் நுனியை மடித்துக் கீழிமைக்குள் மாட்டிவிட வேண்டும். மனிதருக்கு 5 நிமிடம், விலங்குக்கு 1 நிமிடம். எத்தனை மில்லிமீட்டர் நனைந்தது என்று உடனே படிக்க வேண்டும்; தாமதித்தால் ஈரம் காகிதத்தில் இன்னும் ஏறிக்கொண்டே போகும். மரத்துப்போகும் மருந்து, சாயம் எதையும் விடுமுன்னே இதைச் செய்துவிட வேண்டும். இந்தப் பட்டியிலும் அந்த வரிசையில்தான் நடந்தது: முதலில் காகிதம், அடுத்து அழுத்தம், கடைசியில் மருந்தும் சாயமும்.

கட்டுத்தறிக் கிடாய்களில் நிமிடம் முடிவதற்குள் காகிதம் 25 மில்லிமீட்டரைத் தாண்டி நனைந்தது. பெட்டைகளிலும் பொலிகிடாயிலும் அதைவிடத் தெளிவாகக் குறைவு. இதை அப்படியே “ஆண் அதிகம், பெண் குறைவு” என்று இரண்டு பத்தியாக எழுதினால் பாலால் வந்த வித்தியாசம் போலத்தான் தெரியும். காகிதம் அளப்பது எதை என்று யோசித்தால் அது மாறிவிடும். மரத்துப்போகும் மருந்து விடாமல் அளக்கும்போது கண்ணின் இயல்பான கண்ணீரும், உறுத்தலால் பொங்கும் கண்ணீரும் சேர்ந்தே காகிதத்தில் ஏறும். தூசி விழுந்த கண் சுரந்து தள்ளும். அதிக அளவு என்பது நல்ல கண்ணுக்கு அடையாளம் ஆகிவிடாது.

பாலுக்கும் கண்ணீருக்கும் உறவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கண்ணீர்ச் சுரப்பியிலும், இமையோரத்தில் எண்ணெய் சுரக்கும் மெய்போமியன் சுரப்பியிலும் ஆண் ஹார்மோனுக்கான ஏற்பிகள் இருக்கின்றன. மனிதரில் கண் வறட்சி பெண்களுக்கே அதிகம், அதிலும் மாதவிடாய் நின்ற பிறகு. ஆகவே கிடாய்க்கும் பெட்டைக்கும் சிறு வித்தியாசம் இருந்தால் அது வியப்பல்ல. ஆனால் அந்தச் சிறு வித்தியாசத்தை ஒரு தட்டுத் துணுக்கு நொடியில் மூழ்கடித்துவிடும். செம்மறியில் ஆண், பெண் வித்தியாசம் தென்படவில்லை என்று முடித்த ஆய்வுகள் பல உண்டு. சில வித்தியாசத்தைக் கண்டன. அவற்றைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது, கிடாய்களும் பெட்டைகளும் ஒரே இடத்தில் ஒரே தீனியில் இருந்தனவா என்பதைத்தான்.

கண் அழுத்தம்

அளந்தது துள்ளல் வகை டோனோமீட்டரால். நுண்ணிய முனை ஒன்று துள்ளி வந்து கருவிழியைத் தொட்டுத் திரும்பும். திரும்பும் வேகத்திலிருந்து கருவி அழுத்தத்தைக் கணக்கிடும். தொடுவது அவ்வளவு மென்மை என்பதால் மரத்துப்போகும் மருந்து தேவையில்லை. ஒவ்வொரு கண்ணுக்கும் ஆறு முறை தொட்டுச் சராசரியைக் காட்டும். செம்மறியின் இயல்பான அழுத்தம் கருவியைப் பொறுத்தும் இனத்தைப் பொறுத்தும் மாறினாலும், பெரும்பாலும் 10 முதல் 20 மில்லிமீட்டர் பாதரசத்துக்குள் இருக்கும்.

கட்டுத்தறியின் முதல் கிடாய்க்குக் கருவி 20க்கு மேலே காட்டியது. அதைப் பிடித்திருந்த பையன் திடகாத்திரமானவன். கிடாய் திமிறத் திமிறக் கழுத்தை அணைத்து இறுக்கிக்கொண்டே இருந்தான். கழுத்துச் சிரையை அமுக்கினால் தலையிலிருந்து ரத்தம் இறங்குவது தடைபட்டுக் கண் அழுத்தம் ஏறும். தலை நெஞ்சுக்குக் கீழே தாழ்ந்தாலும் ஏறும். இமையை விரலால் அழுத்திப் பிரித்தாலும் ஏறும். “தம்பி, கழுத்தை விட்டுட்டு தாடையை மட்டும் தாங்கிக்கோ” என்று சொல்லி, கிடாய் மூச்சு வாங்குவது அடங்கும் வரை காத்திருந்து அளந்தபோது இயல்பான எல்லைக்குள் இறங்கிவிட்டது.

பெட்டைகளுக்கு இந்தச் சிக்கல் வரவில்லை. பெரியவரின் மனைவி பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே வந்து நிற்கும் ஆடுகள் அவை. ஒரு கையால் தாடையைத் தாங்கினால் போதும். கிடாய் பலசாலி, பழகாதது, இறுக்கித்தான் பிடிக்க வேண்டும். ஆக, கிடாய்க்குக் கண் அழுத்தம் கூடுதல் என்று எழுதப்படும் எண்ணில் பிடித்தவர் கையின் பலமும் கலந்திருக்க முடியும். அளவு எடுக்கும் யாரும் பிடித்த விதத்தையும் ஒரு வரி எழுதிவைத்தால் பாதிக் குழப்பம் தீரும்.

பூ விழுந்த கிடாய் மட்டும் பிடியைத் தளர்த்திய பிறகும் இறங்கவில்லை. அதன் இடது கண்ணில் அழுத்தம் உயர்ந்தே நின்றது. கருவிழி வீங்கியிருந்தால் கருவி காட்டும் எண்ணை முழுதாக நம்ப முடியாது என்பது ஒன்று. இன்னொன்று பெரியவரிடம் விசாரித்தபோது தெரிந்தது. மருந்துக் கடையில் வாங்கிய சொட்டு மருந்தை அந்தக் கண்ணில் இரண்டு வாரத்துக்கு மேலாக விட்டு வந்திருக்கிறார். குப்பியைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தால் டெக்ஸாமெத்தசோன், அதாவது ஸ்டீராய்டு கலந்த மருந்து.

இது இரண்டு விதத்தில் ஆபத்து. கருவிழியில் புண் இருக்கும்போது ஸ்டீராய்டு விட்டால் புண் ஆறாது, கிருமி பெருகும், கண் உடைந்துபோகவும் கூடும். அடுத்தது, செம்மறியில் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய ஒன்று. அர்ஜென்டினாவைச் சேர்ந்த ரோசானா ஜெரோமெத்தாவும் நியூயார்க்கில் பணிபுரிந்த ஆஸ்கார் காண்டியாவும் சேர்ந்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், நல்ல செம்மறிகளின் கண்ணில் பிரெட்னிசோலோன் சொட்டு மருந்தைத் தினமும் மூன்று வேளை விட்டார்கள். இரண்டு வாரத்துக்குள் கண் அழுத்தம் இருமடங்குக்கு மேல் ஏறியது. நிறுத்தியதும் சில வாரங்களில் இறங்கியது. மனிதரில் ஸ்டீராய்டுக்கு இப்படி அழுத்தம் ஏறுவது சிலருக்குத்தான். அவர்கள் சோதித்த செம்மறிகளிலோ அத்தனைக்கும் ஏறியது. கண் அழுத்த நோயை ஆராய்பவர்களுக்குச் செம்மறி பயன்படும் விலங்கானது இதனால்தான். நம் ஊர்ப் பட்டிகளுக்கு அது ஒரு நேரடி எச்சரிக்கை.

பால் வித்தியாசம் இங்கேயும் மாறுவேடத்தில் நிற்கிறது. பெட்டைக்குக் கண் வடிந்தால் பெரியவர் உப்புத்தண்ணீர் விட்டுக் கழுவுவார், சரியாகிவிடும். சந்தைக்குப் போக வேண்டிய கிடாய்க்குத்தான் காசு கொடுத்து மருந்து வாங்கி விடுவார். விலை போகும் ஆடு என்பதாலேயே அதன் கண்ணுக்கு அதிக மருந்து, அதனாலேயே அதிக அழுத்தம்.

துணுக்கை எடுத்த பிறகு அந்தச் சொட்டு மருந்தை நிறுத்தி, டெட்ராசைக்ளின் களிம்பும், வலியால் சுருங்கிப்போன பாவையைத் தளர்த்த அட்ரோபினும் கொடுத்தோம். குளோராம்பெனிக்கால் களிம்பு எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. இறைச்சிக்காக வளர்க்கும் விலங்குக்கு அது கூடாது. அட்ரோபின் விட்ட கண்ணில் கண்ணீர் குறையும், ஆகவே மருந்து ஓயும் வரை அந்தக் கண்ணின் ஷிர்மர் அளவைக் கணக்கில் சேர்க்கவில்லை. தட்டுக்கட்டைக் கயிற்றிலிருந்து இறக்கி, ஆட்டின் நெஞ்சு உயரத்தில் மரச்சட்டம் அடித்து அதில் வைக்கச் சொன்னோம். பெரியவர் அதைச் செய்தார்.

பருவம் என்றால் எந்தப் பருவம்?

மேலை நாட்டு ஆய்வுகளில் பருவம் என்ற சொல்லுக்குள் பகல் நீளம் பெரிய பங்கு வகிக்கிறது. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் கோடையில் பகல் பதினேழரை மணி நேரம். குளிர்காலத்தில் ஏழு மணி நேரம். இருட்டில் மூளையின் கூம்புச் சுரப்பி மெலடோனினைச் சுரக்கும். இரவு நீள நீள அது சுரக்கும் நேரமும் நீளும். அங்குள்ள செம்மறிகள் இலையுதிர் காலத்தில் இணை சேர்வதும், கிடாயின் ஆண் ஹார்மோன் அப்போது எகிறுவதும் இந்தக் கணக்கில்தான். கண்ணிலும் மெலடோனினுக்கான ஏற்பிகள் உண்டு, கண் அழுத்தத்தைக் குறைக்கும் வேலை அதற்கு இருக்கிறது. ஆகவே அங்கே பருவத்துக்கும் பாலுக்கும் கண் அளவுக்கும் உள்ளிருந்தே ஒரு தொடர்பு இருக்க இடமுண்டு. கோடையில் பெட்டைகளையும் இலையுதிர் காலத்தில் கிடாய்களையும் அளந்தால் இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடும் என்ற ஆபத்தும் அங்கே உண்டு.

மூலனூர் நிலை வேறு. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல். நம் செம்மறிகள் பகல் நீளத்துக்குக் கட்டுப்பட்டு ஒரே காலத்தில் மட்டும் இணை சேர்பவை அல்ல. தீனி நன்றாகக் கிடைத்தால் சேரும். ஸ்காட்லாந்து ஆட்டுக்குச் சரியான விளக்கத்தை இங்கே கொண்டுவந்து ஒட்டினால் ஒட்டாது. இங்கே பருவம் என்றால் சித்திரை வெயில், ஆடிப் புழுதி, கார்த்திகை ஈரமும் ஈயும், மார்கழிப் பனி. இவை ஒவ்வொன்றும் கண்ணை ஒவ்வொரு விதத்தில் தொடும். வெயிலில் தண்ணீர் காணாத ஆட்டுக்குக் கண்ணீர் குறையலாம். நீண்ட வறட்சியில் பசுந்தீனி இல்லாமல் போனால் வைட்டமின் ஏ குறைந்து மாலைக்கண் வரலாம். இரண்டையும் “கோடை” என்ற ஒரே பெட்டிக்குள் போட்டுவிட்டால் எது எதனால் என்று பிரிக்க முடியாது.

மார்கழியில்

மார்கழியில் அதே பட்டியில், அதே காலை வேளையில், மேய்ச்சலுக்கு விடும் முன் மறுபடி அளந்தோம். கண் அழுத்தம் நாளின் வேளையைப் பொறுத்தும் ஏறி இறங்கும். ஆகவே வேளையை மாற்றவில்லை. கருவியும் அதுதான். ஆடுகளைப் பிடிக்க இம்முறை பெரியவரின் மனைவியே வந்தார், கிடாய்களுக்கும் சேர்த்து.

கண்ணீரில் கிடாய், பெட்டை வித்தியாசம் கண்ணில் படும்படி இல்லை. அழுத்தத்திலும் இல்லை. பட்டி சிறியது, அதிலும் கிடாய்கள் கொஞ்சம்தான். ஆகவே சராசரி போட்டுச் சதவீதம் சொல்வது முறையாகாது. இந்தப் பட்டியில் ஆடியில் கண்ட வித்தியாசம், தட்டு இறங்கி, காற்று அடங்கி, பிடிக்கும் கை மாறியதும் கரைந்துபோனது என்று மட்டும் சொல்லலாம். மூன்றும் ஒரே சமயத்தில் மாறியதால் எதன் பங்கு எவ்வளவு என்று தனியாகப் பிரிக்க இந்த அளவுகளால் முடியாது.

ஆனால் மார்கழியில் பெட்டைகளின் கண் வேறொன்றைச் சொன்னது. கீழிமையை விரலால் இறக்கிப் பார்த்தபோது, குட்டி போட்டுப் பால் கொடுக்கும் ஆடுகளில் சிலவற்றின் உள்தோல் வெளிறியிருந்தது. தென்னாப்பிரிக்காவில் ஃபாஃபா மாலன் என்ற கால்நடை மருத்துவரின் பெயரை ஒட்டி அமைந்த ஃபமாச்சா அட்டையில் ஐந்து நிறங்கள் உண்டு. முதல் நிறம் நல்ல சிவப்பு. ஐந்தாவது ஏறக்குறைய வெள்ளை. நான்காம், ஐந்தாம் நிறம் என்றால் ரத்தசோகை, உடனே குடற்புழு மருந்து. காரணம் இரைப்பையில் ரத்தம் உறிஞ்சும் ஹீமாங்கஸ் புழு. ஐப்பசி மழைக்குப் பின் புல்லில் அதன் இளம்புழுக்கள் பெருகும். குட்டி போடும் வேளையிலும் பால் கொடுக்கும் காலத்திலும் தாயாட்டின் எதிர்ப்புச் சக்தி தளர்வதால் புழு கூடும். பருவமும் ஆண், பெண் வேறுபாடும் கண்ணில் உண்மையாகவே கைகோத்து நிற்கும் அளவு ஒன்று உண்டென்றால் என் பார்வையில் அது இதுதான். இதற்குக் கருவியும் வேண்டாம், அட்டையும் நல்ல பகல் வெளிச்சமும் போதும்.

இதே அட்டையை ஆடியில் கட்டுத்தறிக் கிடாய்களிடம் காட்டியிருந்தால் ஏமாற்றியிருக்கும். தூசி உறுத்திச் சிவந்த இமை, உள்ளே ரத்தம் குறைந்திருந்தாலும் சிவப்பாகவே தெரியும். புழு பாதித்த ஆடு நல்ல ஆடு என்று தப்பிவிடும். கண் வடியும் ஆட்டில் ஃபமாச்சா நிறத்தை மட்டும் நம்பாமல் தாடை வீக்கம், உடல் தேய்வு, சாணப் பரிசோதனை என்று சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வெளிறிய பெட்டைகளுக்கு மட்டும் புழு மருந்து கொடுத்தோம், பட்டி முழுவதற்கும் அல்ல. எல்லாவற்றுக்கும் கொடுத்தால் மருந்துக்கு அடங்காத புழுக்களே காட்டில் மிஞ்சும். புண்பட்ட கிடாயின் கருவிழி ஆறி, நடுவிலிருந்து சற்று விலகி ஒரு சிறு வெள்ளைத் தழும்பு மட்டும் நின்றது. பார்வைக்குக் குறையில்லை. அழுத்தமும் மற்றக் கண்ணோடு ஒத்துவந்திருந்தது.

வரும் ஆனியில் ஒன்று செய்வதாகப் பெரியவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஒரே வயதுக் கிடாய்க்குட்டிகளில் பாதியையும் பெட்டைக்குட்டிகளில் பாதியையும் கட்டுத்தறியில் நிறுத்தி, மீதியை மேய்ச்சலுக்கு அனுப்புவது. பெட்டையைக் கட்டிப்போட்டுத் தீனி போடுவது தண்டச் செலவு என்று அவருக்குத் தோன்றாமல் இல்லை. “ஒரு வருசம் பாத்துடலாமுங்க” என்றார். காற்று தொடங்குவதற்கு முன் ஒரு முறை, ஆடி நடுவில் ஒரு முறை, கார்த்திகை மழைக்குப் பின் ஒரு முறை என்று அளக்கத் திட்டம். எல்லா ஆட்டையும் ஒரே ஆள் பிடிக்க வேண்டும் என்பதை நோட்டின் முதல் வரியாகவே எழுதிவிட்டோம்.